வீடு திரும்பினார்

பதினெட்டு வருஷம் அவர் பேச்சைத் தட்டச்சு செய்தவள் நான்.
'குடும்பம்' என்ற சொல்லை விரல்களே அடித்துவிடும்,
கண் தேவையில்லை.
சட்டமன்றத்தில் அதையே மலாயில் 'கெலுவார்கா' என்பார்,
கடைசி எழுத்தை அழுத்தி, மேசையைத் தட்டி.

பத்து கெம்பாஸ். ஒரு சிக்னல் விளக்கு, இரண்டு ஒட்டுக்கடை,
செம்பனை ஆலைப் புகை
காயப்போட்ட துணியில் ஏறும் ஊர்.
வொய்.பி. நாகமுத்துவின் சேவை மையம்
நாலு நம்பர் கடைக்கு மேல்மாடி.
கீழே அதிர்ஷ்டம், மேலே ஒழுக்கம் என்று
தபால்காரன் ரொசாக் சிரிப்பான்.

சாதனை என்று சொன்னால்:
தோட்டத்துச் சம்சுக் கடையை மூடவைத்தார்.
அடுத்த மாதமே அது ஆலைக்குப் பின்னால் திறந்தது.
காதலர் தினத்துக்கு முதல்நாள்
தாமான் பூங்காவின் பெஞ்சுகளைக் கழற்றவைத்தார்.
கிழவர்கள் ஒரு மாதம் நின்றுகொண்டே பேப்பர் படித்தார்கள்.
பெண்கள் காப்பகத்துக்கு என்றிருந்த நிலத்தில்
கல்யாண மண்டபம் எழுப்பினார்.
அதில்தான் என் தம்பிக்குத் தாலி ஏறியது.
வாடகையில் பாதியைக் கழித்துக்கொண்டார்.

ரகசியம் ஏதாவது இருக்கும் என்று நானும் தேடினேன்.
ஈப்போவில் ஒரு வீடு, ஹாட்யாயில் ஒரு ஓட்டல் ரசீது.
ஒன்றுமில்லை.
பக்கவாதத்தில் விழுந்த மனைவிக்குத்
தானே தலைவாரி, பின்னலைக் கோணலாகப் போட்டுவிட்டுப்
பத்து மணிக்கு வருவார்,
சட்டைக் கையில் தேங்காயெண்ணெய்.
பொய்யராக இருந்திருந்தால்
எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை சமரசம்.
பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, மைலோ இரண்டு, நடுவில் அவர்.
முடிவில் ஒரு அரிசி மூட்டை, ஒரு போட்டோ.
நீல அட்டைப் பதிவேட்டில் எழுதுவேன்:
பெயர், ஐ.சி. எண், தோட்டம்,
கடைசிக் கட்டத்தில் 'வீடு திரும்பினார்'.
'இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை இணைத்தவர்'
என்று தேர்தல் துண்டறிக்கையில் போட்டோம்.
கூட்டிச் சொன்னவள் நான்.

எண்பத்தேழு, புனிதவதி.
பழைய டிவிஷன், ஏழாம் லயம்.
போலீஸ் ரிப்போர்ட் எழுதப் பேனா கேட்டாள்.
அவர் என்னை மைலோ கலக்கச் சொன்னார்.
கலக்கினேன்.
அரிசியைப் புருஷன் தோளில் ஏற்றிக்கொண்டான்.
அவள் வெறுங்கையோடு படியிறங்கினாள்.
இப்போது பஸ் நிலையத்தில் நாசி லெமாக் விற்கிறாள்.
எது கேட்டாலும் வலது காதைத் திருப்புவாள்.
நான் இரண்டு பொட்டலம் வாங்குகிறேன்,
ஒன்றுதான் தின்ன முடிகிறது.

போன நவம்பர், விடாத மழை.
செவ்வாய் இரவு ஈப்போவிலிருந்து ஒரு கிராப் கார்.
அவர் மகள் லோகேஸ்வரி, ஒரு பெட்டி, தூங்கும் குழந்தை,
அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பொத்தான்.

வியாழன் மருமகன் வந்தான். பளபளக்கும் சப்பாத்து.
வழக்கப்படி நாற்காலிகளைப் போட்டேன்,
தண்ணீர் கொதிக்கவைத்தேன்.
அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நிலைக்கு மேலே
தீயணைப்புத் துறை மாட்டச் சொன்ன பச்சை விளக்கு:
கெலுவார். வெளியேறு.
மேசையைத் தட்டித் தட்டி அவர் சொன்ன சொல்லுக்குள்ளேயே
அது இருந்திருக்கிறது.
அவர் படித்தாரோ என்னவோ. நான் அன்றுதான் படித்தேன்.

"அவ வரமாட்டா தம்பி," என்றார்.
"அரிசி வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

பிறகு என் பக்கம் குனிந்து,
"இதப் பதிவேட்டுல ஏத்தாதம்மா."

அவர் போனபின் ஏற்றினேன்.
இருநூற்றுப் பதின்மூன்று. லோகேஸ்வரி த/பெ நாகமுத்து.
கடைசிக் கட்டத்தில் எழுதவேண்டியதை
யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை:
வீடு திரும்பினார்.

அடுத்த வியாழன் இன்னொருத்தி.
இரண்டு நாற்காலி, மைலோ, மூலையில் அரிசி மூட்டை.
அவர் தொண்டையைச் செருமி, "குடும்பம்னா..." என்று தொடங்கினார்.
அவள் கேட்கவில்லை, நானாகவே பேனாவை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு, மூடியைக் கழற்றி,
எங்கே கையெழுத்துப் போடணும் என்றாள்.